முப்பது பேர் அலுவலகத்துக்கு லீஸ்டு லைன்: மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனம், அலுவலகத்தில் முப்பது பேர், அரசூரில் ஃபேக்டரி. இப்போது இருப்பது ஒரு சாதாரண ஃபைபர் பிராட்பேண்டும், பல வருடமாக மாறாத ஒரு பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் நம்பரும். ஒரு தனியார் கம்பெனி 100 எம்.பி.பி.எஸ். லீஸ்டு லைனையும் (யாரோடும் பங்கு போடாத தனி நெட் லைன்) பத்துச் சேனல் எஸ்.ஐ.பி. டிரங்கையும் (நெட் வழியாக வரும் அலுவலக போன் இணைப்பு) சேர்த்து மூன்று வருட ஒப்பந்தமாக நீட்டியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்கிறார் விற்பனையாளர். “100 எம்.பி.பி.எஸ். போதுமா, விலை நியாயமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது: போன மழையில் இரண்டு நாள் நெட் இல்லாமல் பில் போட முடியவில்லை, லாரி வாசலில் நின்றது, டீலர்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ஸ்பீடு இல்லை. லைன் போனால் யார், எவ்வளவு நேரத்தில் சரி செய்வார்கள், அதுவரை வேலை எப்படி நடக்கும் என்பதற்கான பதில். கூடவே, சரிப்படவில்லை என்றால் எப்படி வெளியே வருவது என்பதும்.

நான் ஒரு டெலிகாம் கம்பெனியின் வணிகப் பிரிவில் லைன் போட்டுக் கொடுக்கும் பக்கத்தில் வேலை பார்த்தவன். அதன் பிறகு பல வருடங்களாகச் சிறு நிறுவனங்களுக்கு இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லி வருகிறேன். உங்கள் கட்டடத்தைப் பார்க்காமல், அந்த ஒப்பந்தத்தின் முழுப் பக்கங்களையும் படிக்காமல் விலை நியாயமா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே தெருவில் இரண்டு கட்டடங்களுக்கு இரண்டு விலை வருவது சகஜம். அந்தக் கம்பெனியின் ஃபைபர் உங்கள் வாசல் வரை ஏற்கெனவே வந்திருக்கிறதா, புதிதாகச் சாலையைத் தோண்ட வேண்டுமா என்பதைப் பொறுத்தது அது. மற்றபடி உறுதியாகச் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் ஸ்பீடு கணக்கை முடித்துவிடலாம், அது சுலபம். ஒரு போன் கால் நெட் வழியாகப் போனால், வழக்கமான ஜி.711 முறையில் ஒவ்வொரு திசையிலும் 100 கே.பி.பி.எஸ்.ஸுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்.பி.பி.எஸ். தாண்டாது. நல்ல தரத்தில் ஒரு வீடியோ மீட்டிங் 2 முதல் 4 எம்.பி.பி.எஸ். எடுக்கும். முப்பது பேரில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் வீடியோவில் இருந்தாலும், மற்றவர்கள் மெயிலும் பிரவுசருமாக இருந்தாலும், 30 முதல் 50 எம்.பி.பி.எஸ். சுத்தமாகக் கிடைத்தால் போதும். ‘சுத்தமாக’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் பிராட்பேண்ட் பில்லில் 200 என்று போட்டிருந்தாலும் அது பலரோடு பங்கு போடப்பட்ட 200. ஜிபான் என்ற முறையில் ஒரு ஃபைபரில் கீழ்நோக்கி வருவது மொத்தம் சுமார் 2.5 ஜிகாபிட், மேல்நோக்கிப் போவது அதில் பாதி. அதைத்தான் தெருவில் உள்ள ஸ்ப்ளிட்டர் பெட்டி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. லீஸ்டு லைனில் அந்தப் பங்கீடு கிடையாது. 30 என்றால் டவுன்லோடும் 30, அப்லோடும் 30, காலை பதினொன்றுக்கும் அதேதான், இரவு ஒன்பதுக்கும் அதேதான்.

உங்களுக்கு அப்லோடு முக்கியம். அரசூர் ஃபேக்டரியிலிருந்து அலுவலக டேலி சர்வருக்குள் வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் திரையில் பார்ப்பதெல்லாம் உங்கள் அலுவலகத்தின் அப்லோடு. அதோடு வெளியிலிருந்து உள்ளே வர ஸ்டேட்டிக் ஐ.பி., அதாவது மாறாத ஒரு சொந்த நெட் முகவரி, வேண்டும். இன்றைய பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐ.பி.க்குப் பின்னால் இருக்கிறார்கள். அங்கே தனியாகப் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐ.பி. வாங்கினால்தான் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியும். லீஸ்டு லைனில் அது கூடவே வரும். ஆகவே லீஸ்டு லைன் உங்களுக்குத் தேவையில்லாத செலவு என்று சொல்ல மாட்டேன். 100 தேவையில்லை என்று சொல்வேன். 30-க்கும் 50-க்கும் தனித்தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு தேவைப்பட்டால் அதே ஃபைபரில் கூட்டிக்கொள்ளலாம், அதற்குப் பெரும்பாலும் ஆள்கூட வர வேண்டியதில்லை. குறைக்கத்தான் விடமாட்டார்கள்.

இப்போது எஸ்.எல்.ஏ.வுக்கு வருவோம், அதாவது லைன் எவ்வளவு நேரம் தவறாமல் வேலை செய்யும் என்று கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதித் தரும் உறுதி. விற்பனையாளர் “99.5 சதவீதம் கியாரண்டி சார்” என்று சொல்லியிருப்பார். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் 0.5 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்தச் சதவீதத்தை மாதக் கணக்கில் பார்க்கிறார்களா, வருடக் கணக்கிலா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். வருடக் கணக்கு என்றால் அதே 99.5 கிட்டத்தட்ட 44 மணி நேரம் ஆகிவிடும். போன மழையில் நடந்ததுபோலத் தொடர்ந்து ஒன்றேமுக்கால் நாள் லைன் இல்லாமல் இருந்தாலும் அவர்கள் வாக்குத் தவறியதாக ஆகாது. அப்புறம், எந்த நேரத்திலிருந்து கணக்கு? பெரும்பாலான ஒப்பந்தங்களில் நீங்கள் புகார் செய்து டிக்கெட் நம்பர் வாங்கிய நேரத்திலிருந்துதான். இரவு லைன் போய், காலை பத்து மணிக்கு நீங்கள் கவனித்துச் சொன்னால், இரவு முழுவதும் கணக்கில் வராது. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு, உங்கள் பக்கத்து மின்தடை, புயல் வெள்ளம், சாலை தோண்டும்போது மற்றவர்கள் கேபிளை வெட்டுவது என்று விலக்குகளும் இருக்கும். கடைசியில் சொன்னதை மட்டுமாவது எடுக்கச் சொல்லிப் போராடுங்கள். நம் ஊரில் ஃபைபர் அறுபடுவதற்கு முக்கியக் காரணமே பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஜே.சி.பி. தோண்டுவதுதான். அதையே விலக்கி வைத்துவிட்டால் மிச்சமிருக்கும் கியாரண்டிக்குப் பெரிய மதிப்பில்லை.

எஸ்.எல்.ஏ. மீறினால் கிடைக்கும் இழப்பீடும் பெரியதல்ல. மாத வாடகையில் சில சதவீதம் அடுத்த பில்லில் கழியும், அதுவும் நீங்கள் எழுதிக் கேட்டால். உங்கள் வியாபார நஷ்டத்தை எந்தக் கம்பெனியும் ஏற்காது, அதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருப்பார்கள். எனவே நான் இழப்பீட்டுத் தொகையை உயர்த்தக் கேட்பதைவிட வேறொன்றைக் கேட்பேன்: மூன்று மாதத்தில் இரண்டு முறை எஸ்.எல்.ஏ. தவறினால் அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை. இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால், உங்கள் புகாருக்குக் கிடைக்கும் கவனமே வேறாக இருக்கும். தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்கட்டும். மாதக் கடைசியில் அவர்களுக்குத்தான் டார்கெட் நெருக்கடி, உங்களுக்கு இல்லை. இந்த மாதக் கடைசியில் கிடைக்கும் விலை அடுத்த மாதக் கடைசியிலும் கிடைக்கும் என்பது என் அனுபவம். உத்தரவாதமாகச் சொல்ல முடியாது, ஆனால் மாறாக நடந்து நான் பார்த்தது அபூர்வம்.

எவ்வளவு நல்ல லைனாக இருந்தாலும் ஒரு நாள் போகும். அன்றைக்கு இரண்டாவது லைன் இருக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ் கட்டாயம். சரக்கு வெளியே போக இ-வே பில் வேண்டும். இரண்டுக்கும் நெட் வேண்டும். லாரி வாசலில் நின்றதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரு இ-இன்வாய்ஸுக்குத் தேவைப்படும் டேட்டா மிகமிகக் குறைவு. பில்லிங் கம்ப்யூட்டரை ஒரு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் அன்றைக்கு லாரி போயிருக்கும். அதற்காகவே ஒரு தனி சிம் வாங்கி, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொண்டு, பில்லிங் பிரிவில் இருப்பவர்களுக்கு எப்படி மாற்றுவது என்று ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது, எந்த ஒப்பந்தமும் வேண்டாம்.

இரண்டாவது நிரந்தர லைனாக இப்போதுள்ள பிராட்பேண்டையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு டூயல்-வேன் ரவுட்டரில் சேர்த்தால், ஒன்று போனதும் மற்றதற்குத் தானாக மாறும். ஆனால் இரண்டு கம்பெனி என்பதால் இரண்டு வழி என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பெரிய கம்பெனிகளும் உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபரை வாடகைக்கு எடுப்பதுண்டு. இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் தொங்கி, ஒரே மரக்கிளையில் அறுந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது விழுந்த மரங்கள் மேலே போன கேபிள்களை எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் அறுத்துப் போட்டன. அதனால் சர்வேக்கு வரும் ஆளிடம் நேரடியாகக் கேளுங்கள்: ஃபைபர் எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறது, எந்தத் தெரு வழியாக, நிலத்துக்கடியிலா, கம்பத்திலா, சொந்த ஃபைபரா, வேறொருவருடையதா? வழித்தட வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பிறகு நீங்களே வாசலுக்கு வந்து, இப்போதுள்ள பிராட்பேண்ட் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று நாலு கம்பம் நடந்து பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் போனால், இரண்டாவதை வயர்லெஸ் வழியாக எடுக்கலாமா என்று யோசிக்கலாம்.

கூடவே கரண்ட். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து நிறுத்தும் நாளில், உங்கள் ஜெனரேட்டர் ஓடும், ஆனால் தெருமுனையில் கேபிள்காரர் வைத்திருக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி ஏதோ ஒரு வீட்டு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அது அணைந்துவிடும். ஸ்ப்ளிட்டர் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை, சுவிட்சுக்குத் தேவை. இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். உங்கள் பக்கத்தில் மோடமும் ரவுட்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு, மூலையில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியை மறந்துவிடுகிற அலுவலகங்கள் ஏராளம். பழைய செம்புக்கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்ததால் கரண்ட் போனாலும் அது வேலை செய்தது. ஃபைபரில் வரும் போன், மோடம் அணைந்தால் கூடவே அணையும்.

போன் விஷயத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒப்பந்தத்தில் திரும்பப் பெற முடியாத பகுதி அதுதான். மொபைல் நம்பரைக் கம்பெனி மாற்றினாலும் வைத்துக்கொள்ளும் வசதி இந்தியா முழுவதும் 2011-இல் வந்தது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் 0422 நம்பர் பி.எஸ்.என்.எல்.லிலேயே இருக்கும், புதிய கம்பெனிக்கு வராது. எஸ்.ஐ.பி. டிரங்கில் அவர்கள் தரும் புது நம்பர்களும் அதே மாதிரி அவர்களுடையவை. மூன்று வருடம் கழித்து நீங்கள் வெளியேறினால் அவற்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டி, பில், காலண்டர், பம்ப்பின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் என்று எல்லாவற்றிலும் புது நம்பரை அச்சடித்த பிறகு விலையை ஏற்றினால் உங்களால் என்ன செய்ய முடியும்? நம்பரை வைத்துத்தான் அவர்கள் உங்களைப் பிடித்து வைப்பது. அதனால் பழைய லேண்ட்லைனை எக்காரணம் கொண்டும் சரண்டர் செய்யாதீர்கள். செம்புக்கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றும்போது பழைய நம்பரையே வைத்துக்கொள்ள முடியுமா என்று எக்ஸ்சேஞ்சில் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். அந்த நம்பருக்கு வரும் அழைப்புகளை டிரங்குக்கு ஃபார்வர்டு செய்துகொள்ளலாம். டீலர்களிடம் புதிதாகக் கொடுப்பதற்கு, கம்பெனி பெயரில் எடுத்த ஒரு மொபைல் நம்பரே நல்லது. அதையாவது எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். 2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை நின்று, திவால் மனு போட்டபோது தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளும் கம்பெனிகளும் 1900-க்கு போர்ட் என்று மெசேஜ் அனுப்பித் திண்டாடின. திண்டாட்டமானாலும் நம்பரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. லேண்ட்லைனில் அந்த வழியே கிடையாது.

கம்பெனி பெயரில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விற்பனைப் பிரிவில் இருப்பவர் தன் சொந்த நம்பரை எல்லா டீலருக்கும் கொடுத்திருந்தால், அவர் வேலையை விடும் நாளில் அந்த உறவும் அவரோடு போகும். நிறுவனத்தின் பெயரில் சிம் எடுத்தால், இப்போதைய விதிப்படி அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் கே.ஒய்.சி. செய்ய வேண்டும். ஆள் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனாலும் செய்யுங்கள்.

எஸ்.ஐ.பி. டிரங்கில் இன்னொன்றும் கேட்க வேண்டும். பத்துச் சேனல் என்றால் ஒரே நேரத்தில் பத்து அழைப்பு. பழைய பி.ஆர்.ஐ. என்ற டிஜிட்டல் போன் லைனில் சேனல்கள் முப்பதாக மொத்தமாகத்தான் வரும், அந்த வகையில் இது மேல். ஆனால் அந்த டிரங்க் இவர்கள் போடும் லீஸ்டு லைனில் மட்டும்தான் வேலை செய்யுமா? பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் லைன் போகும்போது போனும் சேர்ந்து போகும், உங்கள் ரவுட்டர் பிராட்பேண்டுக்கு மாறினாலும் டிரங்க் வராது. லைன் எட்டவில்லை என்றால் அழைப்புகள் கம்பெனியின் நெட்வொர்க்கிலேயே திரும்பி, நீங்கள் சொல்லும் இரண்டு மொபைலுக்குப் போக வேண்டும். இந்த வசதி பலரிடம் இருக்கிறது, கேட்காதவர்களுக்குப் போட்டுத் தருவதில்லை. லைன் போட்ட அன்று, ஃபைபரைக் கழற்றிவிட்டு உங்கள் செல்லிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடித்தால்தான் அக்செப்டன்ஸ் பேப்பரில் கையெழுத்து.

ஒப்பந்தக் காலத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் வேண்டாம். ஒரு வருடம் கேளுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. லீஸ்டு லைன் விலை நான் பார்த்த வரையில் வருடா வருடம் இறங்கித்தான் வந்திருக்கிறது, இறங்கும் பொருளின் விலையைக் கட்டிப்போடுவதில் லாபம் விற்பவருக்கு. புதிதாக ஃபைபர் இழுக்க வேண்டியிருந்து, அதற்காக அவர்கள் மூன்று வருடம் கேட்டால் அதில் நியாயம் உண்டு. அப்போது இடையில் வெளியேறினால் மீதிக் காலத்து வாடகை முழுவதும் என்று இருக்கும் வரியை மாற்றி, வருடத்துக்கு வருடம் குறையும் தொகையாக எழுதச் சொல்லுங்கள். கூடவே, அலுவலகம் இடம் மாறினால் அங்கே அவர்களால் லைன் தர முடியாத பட்சத்தில் அபராதம் கிடையாது என்று ஒரு வரி. வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு இது இல்லாமல் ஒப்பந்தம் போடவே கூடாது. உங்கள் கட்டட வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்குள் முடிகிற மாதிரிப் போடுங்கள்.

பில் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஃபைபர் உள்ளே வந்த நாளா, நீங்கள் சோதித்துக் கையெழுத்துப் போட்ட நாளா? இரண்டாவதாக இருக்க வேண்டும். சொன்ன விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, ஒரு முறைக் கட்டணம் எவ்வளவு, ரவுட்டர் யாருடையது என்பதும் பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) வர வேண்டும். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் சொன்னதெல்லாம் ஒப்பந்தம் ஆகாது. அவர் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஒரு மெயிலாக எழுதி, “நாம் பேசிக்கொண்டபடி” என்று அனுப்பி, பதில் வாங்கி, அதை பி.ஓ.வோடு இணையுங்கள்.

தகராறு வந்தால் என்ன என்பதும் கையெழுத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிப்பட்ட புகார்களைத் தீர்த்து வைப்பதில்லை. கம்பெனியின் புகார் மையம், பிறகு அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அமைப்பு, அதன் பிறகு தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவு என்று போகலாம். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்பி இருக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவையை விலக்கி வைக்கிறது. சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் அதில் வருவது கடினம். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் மும்பையிலோ டெல்லியிலோ என்று இருந்தால், சென்னை அல்லது கோவை என்று மாற்றக் கேளுங்கள். வெளியேறும் அபராதம் அளவுக்கு மீறி இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்று வாதிடலாம். அது உங்கள் வழக்கறிஞர் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வேண்டியது, என் எல்லை அதோடு முடிகிறது.

கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை, ஆனால் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஒரு நோட்டில் அல்லது எக்செல்லில் சர்க்யூட் ஐ.டி., புகார் எண், அதற்கு மேலே யாரைக் கூப்பிடுவது, ஒப்பந்தம் முடியும் தேதி ஆகியவை. லைன் போன ஒவ்வொரு முறையும் போன நேரம், வந்த நேரம், டிக்கெட் நம்பர். இந்தப் பதிவு இல்லாமல் எஸ்.எல்.ஏ. இழப்பீடும் கேட்க முடியாது, வெளியேறும் உரிமையையும் பயன்படுத்த முடியாது. பல ஒப்பந்தங்கள் முடியும் தேதிக்கு 60 அல்லது 90 நாள் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீளும். அந்த நோட்டீஸ் தேதியை, முடியும் தேதியை அல்ல, காலண்டரில் போடுங்கள். அதற்கும் ஒரு மாதம் முன்பாக வேறு இரண்டு கம்பெனிகளிடம் விலை கேட்டு வையுங்கள்.

இப்போதைக்கு, அந்த விற்பனையாளரிடம் 30-க்கும் 50-க்கும், ஒரு வருடத்துக்கும் மூன்று வருடத்துக்கும் விலை, வழித்தட வரைபடம், எஸ்.எல்.ஏ. பக்கம், வெளியேறும் விதி ஆகியவற்றை மெயிலில் கேளுங்கள். விலை தவிர மற்ற மூன்றையும் அனுப்பத் தயங்கினால் வேறு கம்பெனியைப் பாருங்கள். வந்தால், கம்பெனி பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு எஸ்.எல்.ஏ. பக்கத்தையும் வெளியேறும் விதியையும் மட்டும் இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.